ஃபோண்டாட்சா தெரு பாட்டில்கள்

இத்தாலியின் போலோன்யா நகரில், ஃபோண்டாட்சா தெரு 36ஆம் எண் வீட்டுக்கு ஒரு காலி பாட்டில் வந்து சேர்ந்தால், முதலில் அதன் லேபிள் போகும். எண்ணெயா, மதுவா, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இனி அதற்கு வேண்டாம். அடுத்து பளபளப்பு. கண்ணாடி மின்னினால் கண் மினுக்கலிலேயே நின்றுவிடும், வடிவம் பிடிபடாது. ஆகவே சில பாட்டில்களுக்குள் பெயிண்டை ஊற்றுவார், சிலவற்றுக்கு வெளியே மங்கலாகப் பூசுவார். அப்புறம் அலமாரியில் ஏற்றித் தூசி படிய விட்டுவிடுவார். இத்தனையும் ஆன பிறகுதான் ஓவியர் ஜார்ஜோ மொராண்டியின் மேசைக்கு அது வரும்.

மொராண்டியே இந்த மேசைக்கு நேராக வந்துவிடவில்லை. 1890இல் பிறந்தவர், 1907இல் போலோன்யா நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அவரை ஆட்டிவைத்த பிரெஞ்சு ஓவியர் செசானின் படங்களை முதலில் பார்த்தது புத்தகங்களில், அதுவும் கறுப்பு வெள்ளையில். 1914இல் ஃபியூச்சரிஸ்ட் ஓவியர்களோடு சேர்ந்து கண்காட்சியில் படம் வைத்தார். மறு வருடம் பட்டாளத்துக்குப் போய், நோய்வாய்ப்பட்டுத் திரும்பினார். 1918, 19இல் டி கிரிக்கோ, கார்ரா ஆகிய ஓவியர்களின் பாணி பிடித்துக்கொண்டது. துணிக்கடைப் பொம்மைத் தலை, பந்து, பெட்டி என்று கனவில் கண்டதுபோன்ற படங்கள். பிறகு பொம்மைத் தலை போய்விட்டது. பாட்டில் மட்டும் நின்றது.

அவரை உருவாக்கியது செசான் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், செப்புத் தகட்டில் கோடிட்டு அச்செடுக்கும் எட்சிங்குக்குப் பாதிப் பங்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவர், 1930 முதல் 1956 வரை தான் படித்த கல்லூரியிலேயே எட்சிங் பேராசிரியர். செப்புத் தகட்டில் வண்ணம் கிடையாது. கோட்டின் மேல் கோடு குறுக்கே போட்டுத்தான் நிழலைக் கொண்டுவர வேண்டும். ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் உள்ள இடைவெளியை அந்தக் கை அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

மேசையில் காகிதம் விரித்திருக்கும். பாட்டிலை வைத்து அடிப்பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுப்பார். நூலளவு நகர்த்துவார், மறுபடி கோடு. அடுக்கவே நாள் கணக்கில் ஆகும். வரைவது சீக்கிரம் முடிந்துவிடும். வரிவரியாகப் பள்ளம் விழுந்த கழுத்து நீண்ட வெள்ளை பாட்டில் ஒன்று படத்துக்குப் படம் வரும். ஒன்றில் நடுநாயகம், இன்னொன்றில் தகரப் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைவு. சில படங்களில் இரண்டு பொருட்களின் விளிம்பும் ஒரே கோட்டில் சேர்ந்து, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் போகும். அது தற்செயல் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்று சகோதரிகளுடன் வாழ்ந்தார். 1956 வரை நாட்டைவிட்டு வெளியே போகவில்லை, போனதும் பக்கத்து சுவிட்சர்லாந்துக்குத்தான். இதை வைத்து அவரைத் துறவி ஆக்கிவிட்டார்கள். பாசிச எதிர்ப்பு நண்பர்களோடு பழகியதற்காக 1943இல் சில நாள் சிறையில் இருந்ததை இந்தக் கதை சொல்லாது. முசோலினி காலத்தில்தான் அவருக்குப் பேராசிரியர் பதவி போட்டித் தேர்வில்லாமல் கிடைத்தது என்பதையும் சொல்லாது. 1948இல் வெனிஸ் பினாலேயிலும் 1957இல் சாவோ பாவ்லோவிலும் பரிசு வாங்கினார். 1960இல் இயக்குநர் ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’ சினிமாவில் ஒரு வசதியான வீட்டுக்குள்ளும் அவர் பாட்டில்கள் நுழைந்துவிட்டன.

1964இல் அவர் போனார், பாட்டில்கள் இருந்தன. சகோதரி மரியா தெரேசா நகரத்துக்குக் கொடுத்த படங்களால் 1993இல் மியூசியம் வந்தது. 2009இல் வீடும் பார்வைக்குத் திறந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜோயல் மேயரோவிட்ஸ் அங்கே போய், பொருட்களை ஒவ்வொன்றாக அதே மேசையில் வைத்துப் படமெடுத்தார். அழகான படங்கள்தான், ஆனால் அவற்றில் அவை வெறும் பழைய பாட்டில்கள். பிரிட்டிஷ் கலைஞர் டாசிட்டா டீன் 2009இல் இரண்டு குறும்படங்கள் எடுத்தார். ‘ஸ்டில் லைஃப்’ என்று அவர் பெயர் வைத்ததில் ஒரு பாட்டில்கூட இல்லை. காகிதமும் அந்தப் பென்சில் கோடுகளும்தான். மொராண்டியைப் பிடித்தவர் இவர்தான் என்பேன்.