மரல் நாரின் வரலாறு

திரிகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து செல்லும் கரையோர வீதி குச்சவெளியை அடைகின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் உவர்நிலமும் பற்றைக்காடும். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரியே இந்நிலத்துக்கு உயிர். எஞ்சிய மாதங்களில் மணலும் பாறையும் வெயிலிற் காயும். இங்குள்ள பாறையிற் பொறிக்கப்பெற்ற வடமொழிச் சாசனத்தைப் பேராசிரியர் பரணவிதான ஆராய்ந்து வெளியிட்டபின் குச்சவெளி வரலாற்றறிஞரின் கவனத்தைப் பெற்றது. பாறையைத் தேடிச் செல்வோர் அதனைச் சூழ்ந்த பற்றையை நோக்குவதில்லை. ஆயினும் இத்தகைய வறண்ட நிலத்துக்கே உரிய செடியொன்று, அச்சாசனத்திலும் பழமையான இலக்கியச் சான்று உடையது. அதுவே மரல்.

மரல், நிலத்தின்கீழ் கிழங்கோடிப் பரவும் செடி. தண்டு இல்லை. வாள்போல நீண்டு, உட்புறம் குழிந்து, தடித்துச் சதைப்பற்றுடைய இலைகள் அடியிலிருந்தே எழும். கரும்பச்சை நிறத்திற் குறுக்கே வெளிறிய வரிகள் ஓடும். இலையின் சதை நீரைச் சேமிக்கும். இலைத்துளைகள் பகலில் மூடியிருந்து இரவில் திறப்பதால் அந்நீர் வெயிலில் வீணாவதில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் மரல் பசுமையாய் நிற்பதன் காரணம் இதுவே. கற்றாழையோடு இதனை ஒன்றாக எண்ணுவோர் உளர். கற்றாழையின் இலையோரத்துள்ள முட்கள் மரலுக்கு இல்லை. சிங்கள மக்கள் இதனை நியந்த என்பர். தமிழில் மருள் என்ற வடிவமும் உண்டு. மருள் என்பதற்கு மயக்கம் என்பது பொருள். இச்செடியின் பெயர்வரலாற்றைக் கற்போர் அப்பொருளும் பொருத்தமென்றே கருதுவர்.

சங்கப் புலவர் மரலை நன்கறிந்தவர். கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில், மழை வறண்ட சுரத்திலே காட்டுவிலங்கு மரலைக் கவர்ந்து உண்ணும் காட்சி வருகின்றது. நீரற்ற வழியில் மரலின் இலையே விலங்குக்கு நீர் என்பதைப் புலவர் கண்டிருக்கின்றனர். அதனினும் சிறப்புடையது புறநானூற்றின் 264ஆம் பாட்டு. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்குப் பரற்கல் நிறைந்த மேட்டில் நடுகல் நாட்டி, அதிற் பெயர் பொறித்து, மயிற்பீலியோடு செம்பூங் கண்ணியும் சூட்டுகின்றனர். அக்கண்ணியின் பூக்கள் தொடுக்கப்பட்டது மரலைக் கிழித்தெடுத்த நாரினால். மாலை தொடுக்க வாழைநார் இருக்க, இங்கு மரல் நார் ஏன்? வீரன் வீழ்ந்த வன்புலத்தில் வாழை ஏது? அந்நிலத்தில் விளைந்ததே அவனுக்கு நாராயிற்று.

தமிழகத்து மரலும் இலங்கை மரலும் ஒரே பேரினத்தின் மிக நெருங்கிய இருவகைகள் என இன்றைய தாவரநூலார் பிரிப்பர். பயனில் வேற்றுமை இல்லை.

வடமொழியில் மூர்வா எனப்படும் செடியின் நாரால் வில்நாண் திரித்தனர். அதனின்றே நாணுக்கு மௌர்வி என்ற பெயர் உண்டாயிற்று. க்ஷத்திரியனின் அரைநாண் மூர்வா நாரால் அமைதல் வேண்டும் என மனுநூல் விதிக்கின்றது. அம்மூர்வா மரலே என்பார் ஒரு சாரார். வேறு கொடிகளைக் காட்டுவார் மற்றொரு சாரார். எனினும் ஆங்கிலேயர் மரலினத்துக்கு ‘வில்நாண் சணல்’ எனப் பெயரிட்டமை, அவர்கள் வந்த காலத்தும் அப்பயன் மறைந்துவிடவில்லை என்பதைக் காட்டும்.

1753ஆம் ஆண்டில் இலினேயசு இதனைக் கற்றாழையினத்துள் அடக்கி, இலங்கைக்குரியது என்னும் பொருளில் ‘சைலானிக்கா’ என்ற அடைமொழி தந்தார். 1799இல் வில்டனோ அதனைச் சான்சிவீரியா பேரினத்துக்கு மாற்றினார். அண்மையில் அப்பேரினமே டிரசீனாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. வீட்டு முற்றங்களிற் சாடியில் வளர்க்கப்படும் மஞ்சள் ஓரமிட்ட செடியை இலங்கை மரல் என விற்பதுண்டு. அது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த உறவினச்செடி!

மரல் நாரின் வன்மையை அளந்து பார்த்தவர் சோழமண்டலக்கரைத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் றொக்ஸ்பரோ. அதன் கயிறு, அதே பருமனான ரஷ்யச் சணற் கயிற்றிலும் மிகுந்த பாரத்தைத் தாங்கியது. நீரில் நெடுநாள் ஊறியபோதும் அதனிலும் நன்றாக நின்றது. மக்கள் நாரெடுத்த முறையும் எளிது. வழுவழுப்பான பலகையில் இலையை வைத்து, ஒரு முனையைக் காற்பெருவிரலால் அழுத்தி, மெல்லிய மரத்தகட்டை இருகையாற் பிடித்துச் சுரண்டினால் சதை கழன்று வெண்ணிற நார் வரும். நீரில் ஊறவைத்து அழுகச் செய்தும் எடுப்பர். ஆனால் நாரின் நிறம் கெடும். நாற்பது இறாத்தல் பச்சிலையிலிருந்து ஒரு இறாத்தல் நாரே கிடைத்தது.

மரலின் தாழ்வுக்குக் காரணம் இக்கணக்கில் அடங்கியுள்ளது. நாரில் குறையில்லை, கைவேலைதான் மிகுதி. தன் வில்லுக்கும் மாலைக்கும் நார் தேடியவனுக்கு அவ்வேலை பாரமன்று. கப்பலுக்குக் கயிறு வேண்டிய வணிகனுக்கோ அது கட்டுப்படியாகாது. பிரித்தானியக் கப்பல்கள் பிலிப்பைன் தீவுகளின் மணிலாச் சணலையும், பின்னர் சீசல் நாரையும் நம்பின. ஆசியாவின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திரிகோணமலையைச் சூழ்ந்த வறண்ட நிலத்துக்கு மரல் உரியதாயிருந்தும், அது துறைமுகத்தின் கயிறாகவில்லை. 1942இல் பிலிப்பைன் தீவுகள் யப்பானியர் வசமாக, மணிலாச் சணல் அருகிற்று. அவ்வாண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திரிகோணமலையையும் தாக்கின. அப்போது அமெரிக்கர் புளோரிடாவில் மரலினச் செடிகளைப் பயிரிட்டு நாருக்காக ஆராயத் தொடங்கினர். போர் முடிந்தது, ஆர்வமும் தணிந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து நைலோன் வலை இலங்கைக் கரைகளிற் பரவவே, பருத்திக்கும் சணலுக்குமே இடமில்லாதுபோயிற்று. மரலை நினைப்பார் யார்?

இலங்கையில் மரல் நார் கலையாக உயர்ந்தது மலைநாட்டிலே. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பகுதியின் பாய் நெய்வோர் நியந்த நாருக்குச் சாயமிட்டு, யானை, மான், பறவை உருவங்களை இழைத்தனர். 1908இல் வெளியான நூலில் ஆனந்த குமாரசுவாமி இக்கைவினையைப் பதிவுசெய்துள்ளார். பிற்காலத்தில் அங்கும் பேரிலைக் கற்றாழையினத்து அந்நிய நார் பெரும்பாலும் மரலின் இடத்தைப் பிடித்துவிட்டது. பாயின் பெயர் நிலைக்க, அதன் நார் மாறியது.

மருந்தாகவும் மரல் வழங்கியது. 1826இல் வைத்தியர் எயின்சிலி, மருள் கிழங்கைத் தமிழ் வைத்தியர் நாட்பட்ட இருமலுக்கு இலேகியமாகக் கொடுத்ததைக் குறித்தார். இலையை வாட்டிப் பிழிந்த சாற்றைக் காதுவலிக்கு இடும் வழக்கமும் உண்டு.

இச்செடிக்கு உழவோ உரமோ வேண்டா. கிழங்கின் துண்டொன்றை மணலில் ஊன்றினாற் போதும், இலைத்துண்டும் வேர்விடும். நீர் தேங்கினால் மட்டுமே அழுகும். புல்மோட்டையை உள்ளடக்கிய குச்சவெளிப் பிரிவின் கரையோரத்தில் 1960களிலிருந்து கனிமமணல் அகழப்படுகின்றது. 2009இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் உல்லாசப் பயணத்துறைக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. இயந்திரம் பற்றையை வேரோடு வாரும்போது கிழங்கும் உடன் போகின்றது. பாறைச் சாசனத்தைக் காப்பதற்குத் தொல்பொருட் சட்டம் உண்டு. அதனடியில் நிற்கும் மரலைப் பெயர்த்து முற்றத்தின் ஓரத்தில் நடுவதற்கோ ஒரு மண்வெட்டியே போதுமானது.