ஆறு மாதச் சிறையும் ஒரு பூச்சி மாத்திரையும்



நம் பிள்ளைகள் பலர் இங்கிலாந்துக்குக் குடிபோகும்போது வளர்த்த நாயையும் கூட்டிப் போகிறார்கள். அதற்குக் கேட்கும் காகிதங்களைப் பார்த்து, "ஒரு நாய்க்கு இத்தனை பாடா சார்?" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சட்டங்களின் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அலுப்பு குறையும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலும் வெறிநாய்க்கடி இருந்தது. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1907இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நாமெல்லாம் பயந்தோமே, அது இந்த நோய்க்கான ஊசிதான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. தெருவில் வரும் நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்றார்கள். வெளிநாட்டு நாய்களைத் தனியே அடைத்துவைத்துக் கண்காணித்தார்கள். நாய் வளர்ப்பவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தும் அரசு விடவில்லை. 1902இல் நோய் ஒழிந்தது. ஆனால் 1918இல், முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், அது மறுபடி தலைகாட்டியது. போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. மீண்டும் ஒழிக்க 1922 வரை ஆனது. சிலர் பாசத்தால் செய்த காரியத்துக்கு ஒரு நாடே நான்கு வருடம் விலை கொடுத்தது.

பிறகு 20ஆம் நூற்றாண்டு முடியும்வரை, வெளியிலிருந்து வரும் நாய்க்கு ஆறு மாதம் கொட்டில் வாசம். 1969இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய், அந்த ஆறு மாதத்தையும் முடித்து வெளியே வந்தபின் கேம்பர்லி என்ற ஊரில் வெறி கண்டது. நோய்க்கிருமி சில சமயம் ஆறு மாதத்துக்கும் மேல் உடம்பில் பதுங்கியிருக்கும். அடைத்துவைப்பது மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய திட்டம் வந்தது. மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, ஊசி வேலை செய்ததா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, கடைசியாக உண்ணிக்கும் நாடாப்புழுவுக்கும் மருந்து. இவையெல்லாம் சரியாக இருந்தால் கொட்டில் வாசம் வேண்டாம். 2012இல் விதிகளைத் தளர்த்தியபோது உண்ணி மருந்துக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2016 வாக்கில் எசெக்ஸ் பகுதியில் ஹார்லோ என்ற ஊரில், வெளிநாடே போகாத நாய்களுக்கு உண்ணி மூலம் பரவும் பபீசியா என்ற ரத்த நோய் வந்தது. இந்த இரண்டையும் நேராக முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. ஆனால் வெளியூர் நோய் உள்ளூர் உண்ணியில் குடியேற முடியும் என்பது அங்கே கண்கூடானது.

நாடாப்புழு மாத்திரையை மட்டும் அவர்கள் விடவில்லை. ஐரோப்பாவில் நரிகளிடம் உள்ள ஒரு நாடாப்புழு நாய்க்கு ஒன்றும் செய்யாது. மனிதனுக்கு வந்தால் ஈரலில் கட்டிபோல் வருடக்கணக்கில் வளரும். "நாய் நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த மாத்திரை நாய்க்காக அல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சிப், அப்புறம் ஊசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் கையால் நாடாப்புழு மாத்திரை. ஆகவே வேலை உத்தரவு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. விதிகள் மாறக்கூடியவை. புறப்படும் முன் அந்நாட்டு அரசு அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததோடு கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் நாய் உண்ணி வெயிலுக்குப் பழகியது. குளிர்நாட்டில் வெளியே தாக்குப்பிடிக்காது, ஆனால் கதகதப்பான வீட்டுக்குள் நன்றாகவே பெருகும். அங்கே நத்தை வழியாக வரும் நுரையீரல் புழு நம்மவர்களுக்குப் புதுசு. அங்குள்ள மருத்துவரிடம் "இது இந்தியாவிலிருந்து வந்த நாய்" என்று முதல் நாளே சொல்லுங்கள். என்ன தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ரேபிஸ் ஊசியின் தேதி ஒருநாள் தவறினாலும், அடுத்த பயணத்துக்கு ரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும்.

இத்தனை தொல்லை எதற்கென்று வளர்த்த நாயைத் தெருவில் விட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். அது ஊசி தவறி, உண்ணி ஏறி, கடைசியில் நம் தெருப் பிள்ளைகளுக்கே ஆபத்தாகிறது. கூட்டிப்போங்கள், இல்லையென்றால் பொறுப்பான ஒருவரிடம் ஊசிச் சீட்டோடு ஒப்படையுங்கள்.

நலமாக இருங்கள் பிள்ளைகளே.