ஒரே ஒரு ராத்திரி வாழ்ந்த இசைக்குழு

போன வாரம் டீக்கடையில் கூட வேலை பார்க்கும் நண்பனோடு ஒரு வாக்குவாதம். 'டர்ட்டி மேக்' என்ற ராக் குழுவுக்கு விக்கிபீடியாவில் தனிக் கட்டுரை எதுக்கு என்பது அவன் கேள்வி. "ஒரு ராத்திரி, ரெண்டு பாட்டு. இதுக்கெல்லாம் ஒரு பக்கமாடா? அப்போ நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நான் கிடார் வாசிச்சதுக்கும் ஒண்ணு போடு" என்றான். (அவன் வாசிச்சதைக் கேட்டவர்கள் யாரும் ஒத்துக்க மாட்டார்கள் என்பது தனிக்கதை.) ஆனா யோசிச்சுப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான்.

முதல்ல கதை. 1968 டிசம்பர் 11. லண்டன் வெம்ப்ளியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் சர்க்கஸ் கூடாரம் மாதிரி செட் போட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுக்கிறார்கள். பெயர் 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்'. இயக்கம் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். தி ஹூ, ஜெத்ரோ டல், தாஜ் மஹால் (ப்ளூஸ் பாடகருங்க, ஆக்ரா இல்லை) என்று ஒரு பட்டாளமே வந்திருந்தது. அதுக்கு நடுவில் அந்த ராத்திரிக்காக மட்டும் ஒரு குழு. பாட்டும் கிடாரும் ஜான் லென்னன். இன்னொரு கிடார் எரிக் கிளாப்டன். அவருடைய 'க்ரீம்' குழு கலைஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டிரம்ஸ் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் குழுவின் மிட்ச் மிட்செல். பேஸ் கிடார், ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ். 'ஃப்ளீட்வுட் மேக்' என்ற பெயரைக் கிண்டல் பண்ணி வெச்சதுதான் 'டர்ட்டி மேக்'.

மூணு வாரம் முன்னாடி வந்த பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்திலிருந்து 'யெர் ப்ளூஸ்' வாசித்தார்கள். அப்புறம் யோகோ ஓனோவின் அலறலும் இவ்ரி கிட்லிஸின் வயலினும் சேர்ந்த 'ஹோல் லாட்டா யோகோ'. அவ்வளவுதான், குழு முடிந்தது.

விக்கிபீடியா விதிப்படி பார்த்தால் பிரச்சினையே இல்லை. தனித்தனியாகவே பெயர் பெற்ற ரெண்டு கலைஞர்களாவது ஒரு குழுவில் இருந்தால் அது கட்டுரைக்குத் தகுதி பெறலாம் என்று அங்கே ஒரு அளவுகோல் இருக்கு. இங்கே நாலு பேர். ஆனா எனக்கு இந்த விதியில் அவ்வளவா நம்பிக்கை இல்லை. பெரிய ஆட்கள் நாலு பேர் சேர்ந்து எதைப் பண்ணினாலும் அது வரலாறு ஆகிடுமா? அதே ராத்திரி ஜெத்ரோ டல்லில் கிடாரோடு நின்றவர் டோனி அயோமி, பின்னாளில் 'ப்ளாக் சப்பாத்' புகழ். கொஞ்ச நாள்தான் அங்கே இருந்தார். அது ஜெத்ரோ டல் கட்டுரையில் ஒரு வரி, அது போதும்.

அப்போ டர்ட்டி மேக்குக்கும் ஒரு வரி போதாதா? நண்பன் அதையேதான் கேட்டான், அந்தப் படத்தைப் பற்றிய கட்டுரைக்குள் ஒரு பத்தியாகப் போடலாமே என்று.

இங்கேதான் நான் மாறுபடுறேன். பீட்டில்ஸ் தொடங்கினதுக்கு அப்புறம், மற்ற மூணு பேரும் இல்லாமல் லென்னன் பார்வையாளர்கள் முன்னாடி பாடினது இதுதான் முதல் தடவை. சொந்தக் குழு மாதிரி ஒண்ணைக் கூட்டிக்கிட்டு, பீட்டில்ஸ் பாட்டையே வேற ஆட்களை வெச்சு வாசிக்கிறார். ஒண்ணும் குறையலை. ஒன்பது மாசம் கழிச்சு, 1969 செப்டம்பர் 13, டொரொண்டோ மேடையில் 'ப்ளாஸ்டிக் ஓனோ பேண்ட்'. பக்கத்தில் மறுபடி கிளாப்டன். பட்டியலில் மறுபடி 'யெர் ப்ளூஸ்'. அடுத்த வாரமே, நான் விலகுறேன் என்று பீட்டில்ஸ்காரர்களிடம் சொல்லிவிட்டார். லென்னன் திடீர்னு ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுப் போனவர் என்றுதான் ரொம்ப நாள் நான் நினைச்சிருந்தேன். வெம்ப்ளி வீடியோவைப் பார்த்தபோதுதான் அது ஒத்திகை மாதிரி பட்டது. இது என் அனுமானம்தான், லென்னன் அப்படித் திட்டம் போட்டார் என்று சொல்ல வரலை. ஆனா இந்த நூல் ஸ்டோன்ஸ் படத்தோட கதையில் ஒட்டாது. தனியா எழுதினால்தான் பிடிபடும்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் உறுத்துது. படப்பிடிப்பு இழுத்துக்கிட்டே போய், ஸ்டோன்ஸ் மேடையேறும்போது விடியற்காலை. அத்தனை பேரும் களைச்சுப்போயிருந்தார்கள். தி ஹூ தங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்ற எண்ணத்தில் ஸ்டோன்ஸ் அதைக் கிடப்பில் போட்டதாகத்தான் பரவலா சொல்றாங்க. தி ஹூவின் பாட்டு மட்டும் 1979-ல் அவங்க படத்தில் வந்தது. முழுசா வெளியே வந்தது 1996-ல். இருபத்தெட்டு வருஷம்! 1990-ல் யாராவது கலைக்களஞ்சியம் எழுத உட்கார்ந்திருந்தால் டர்ட்டி மேக் வெறும் வதந்தி மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். நடந்தது என்னவோ அதே ராத்திரிதான். ரிலீஸே ஆகாத கோடு மாதிரி, எழுதினவனுக்கு மட்டும் தெரியும். 2019-ல் வந்த விரிவான பதிப்பில் இவங்க ஒத்திகை பார்த்த 'ரெவல்யூஷன்' கூட இருக்கு. ரெண்டு பாட்டுக் குழுவுக்கு ஐம்பது வருஷம் கழிச்சு பாட்டு கூடுது!

நேத்து நண்பனுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். 'யெர் ப்ளூஸ்' முடியும் வரை பேசவே இல்லை. முடிஞ்சதும், "அது சரி, மேடையில ஒரு கறுப்பு மூட்டை கிடக்கே, அது என்ன?" என்றான்.

அது யோகோ. உள்ளே உட்கார்ந்திருக்காங்க.

"இதை முதல்ல அந்தக் கட்டுரையில சேருடா" என்றான்.