மிளகுப்புதினா: முந்நூறு ஆண்டு மருந்து

செரிமானத்துக்கு மிளகுப்புதினா நல்லது என்பவர்கள் அதை ஆயிரமாண்டுப் பாரம்பரியமாகவே காட்டுவது வழக்கம். பெப்பர்மிண்ட் மிட்டாய்க்கு மணம் தரும் இந்தச் செடிக்கு அத்தனை வயதில்லை. நீர்ப்புதினாவும் சமையலுக்கு ஆகும் புதினாவும் இயற்கையாகக் கலந்து உண்டான கலப்பினம் இது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் கிடைத்த செடியைக் கொண்டு ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் ரே 1696-இல் இதை விவரித்தார். 1721-இல் லண்டன் மருந்து நூலில் இடம்பிடித்தது. 1753-இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி புதினாவின் குணங்களை எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்தான். ஆனால் புதினா வகைகள் எல்லாம் ஒன்றல்ல. சமையல் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன்; மிளகுப்புதினாவில் மிகுந்திருப்பது மென்தால். வயிற்றில் வேலை செய்வது பெரும்பாலும் அந்த மென்தால்தான். ஒன்றுக்குரிய பழம்பெருமையை மற்றொன்றுக்குச் சூட்டினால், அதன் உண்மையான சிறப்பு மறைந்துபோகும். பழமையால் அல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் சரியான வடிவத்துக்கு மாற்றப்பட்டதால்தான் இந்தச் செடி மருந்தாக நிலைத்தது என்பதே என் வாதம்.

முதல் மாற்றம் வயலில் நடந்தது. கலப்பினமாகையால் இது விதையால் பெருகுவதில்லை. தண்டுகளை வெட்டி நட்டே பயிராக்க வேண்டும். லண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்ற ஊரின் உழவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அதைத்தான் செய்தார்கள். 1796 வாக்கில் அங்கே சுமார் 100 ஏக்கரில் விளைந்த பயிர், 1850-இல் 500 ஏக்கரை எட்டியது. தண்டிலிருந்து வளர்வதெல்லாம் தாய்ச்செடியின் நகல் என்பதால், விளைச்சலின் மணமும் வீரியமும் பெரிதும் மாறாமல் இருந்தன. பூக்கும் பருவத்தில் அறுத்து, வாலையில் நீராவி ஏற்றிக் காய்ச்சி வடித்தால் மேலே எண்ணெய் மிதக்கும். அந்த எண்ணெயும் அதைக் கலந்த பெப்பர்மிண்ட் நீரும் மருந்துக்கடைகளில் வயிற்று உப்புசத்துக்கும் வலிக்கும் விற்பனையாயின. இந்தப் புகழை வியாபாரம்தான் உண்டாக்கியது என்பார் உண்டு. வியாபாரம் புகழைப் பரப்பியது உண்மை. ஆனால் கைப்பிடி இலைக்கு அளவு சொல்ல முடியாது. எண்ணெய்க்குத் துளிக்கணக்கில் சொல்லலாம். பின்னாளில் ஆய்வு செய்ய வழிவிட்டது இந்த ஒழுங்குதான்.

அடுத்த மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மென்தால் குடல் தசையின் செல்களுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுப்பதால், இறுகிய தசை தளர்கிறது. அதே தளர்ச்சி உணவுக்குழாயின் அடிவாயிலில் நேர்ந்தால் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகும். எனவே வயிற்றில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் உறையிட்ட மாத்திரை தேவைப்பட்டது. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு உள்ள சிலரிடம் அதைச் சோதித்து, பலன் தந்ததாகக் கார்டிஃப் மருத்துவர்கள் 1979-இல் எழுதினார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான அலசலும் சாதகமாகவே அமைந்தது. 190 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வோ முதன்மை இலக்கை எட்டவில்லை. வலி போன்ற சில தொல்லைகள் குறைந்ததை மட்டுமே காட்டியது. இது மருந்தைத் தள்ளிவிடக் காரணமாகாது. அளவோடு பாராட்டச் சொல்கிறது.

ஆகவே, இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பதும் உறையிட்ட மாத்திரையை விழுங்குவதும் ஒன்று என்று எண்ணக் கூடாது. ஆய்வுகள் சான்று சொன்னது மாத்திரைக்கு. வயிறு உப்பினால் தேநீரும் இதம் தரலாம், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர் அதையும் தவிர்ப்பது நல்லது. எந்தச் செடி, எந்த வடிவம், எந்தக் கோளாறு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் மூலிகையையே மருந்தென்று நம்பலாம். மிளகுப்புதினா விடை சொல்லத் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்விகளை நாம் மற்ற மூலிகைகளிடமும் கேட்க வேண்டும்.