தில்லை நின்ற எல்லை: மட்டக்களப்பு வாவிக்கரையில் எஞ்சிய காட்டின் வரலாறு

செட்டிபாளையத்தின் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் தென்னந்தோப்புகளும் வீடுகளும் வைகாசிச் சடங்குக்குப் பெயர்பெற்ற கண்ணகி அம்மன் கோயிலும் இருக்கின்றன. ஊரின் மேற்கு எல்லையில் நின்று வாவியைப் பார்த்தால், அக்கரையில் வயலின் பச்சைக்கு நடுவே சில இடங்களில் மரக்கூட்டம் கருமையாகத் திரண்டிருக்கும். கிழக்குக் கரையான எழுவான்கரையில் வாழ்வோர் படுவான்கரை என்று சொல்லும் அந்த நிலம் ஒரு காலத்தில் காட்டின் தொடக்கமாக இருந்தது. இன்று அது நெல்வயல். மரக்கூட்டங்கள் அந்தக் காட்டின் எச்சம்.

சூழவுள்ள நிலமெல்லாம் வயலான பிறகும் இந்தத் துண்டுகள் எப்படி நிலைத்தன? அவற்றைக் காத்தவர் யார்? இக்கட்டுரை இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுகிறது. வாவியின் தென்மேற்குக் கரையிலுள்ள மண்டூர்த் தில்லை மரங்களை மையமாகக் கொண்டு, ஊர்ப்பெயர், தலமரபு, காணிச் சட்டம், நீர்ப்பாசனத் திட்டம் ஆகிய நான்கு வகைச் சான்றுகளை இது சேர்த்து வாசிக்கிறது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964), எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ (1962) போன்ற நூல்கள் இப்பகுதியின் கோயில்களையும் குடிகளையும் பற்றி நமக்கு நிறையச் சொல்லியிருக்கின்றன. அந்தக் கோயில்கள் நின்ற காட்டையும் அதே கவனத்தோடு வாசிக்கும் கடமை நமக்கு இருக்கிறது.

ஊர்ப்பெயர் சொல்லும் காடு

படுவான்கரையில் காட்டைப் பற்றிய மிகப் பழைய ஆவணம் ஊர்ப்பெயர்தான். கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, பாலையடிவட்டை, விளாந்தோட்டம், இலுப்பையடிச்சேனை, நாவற்காடு என்று மரங்கள் ஊர்களாகியிருக்கின்றன. விலங்குகளும் அப்படியே. முதலைக்குடா, கரடியனாறு, மயிலத்தமடு, ஆனைகட்டியவெளி, புலிபாய்ந்தகல் ஆகிய பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒரு காட்டின் உயிர்த்தொகை கண்முன் வருகிறது.

பெயர்களின் பின்னொட்டுகள் இன்னும் நுணுக்கமான செய்தியைத் தருகின்றன. ‘சேனை’ என்பது காட்டை வெட்டி எரித்து, சில போகங்கள் குரக்கனும் சோளமும் பயிரிட்டு, மறுபடி காட்டுக்கே விட்டுவிடும் நிலம். ‘மடு’ என்பது மாடும் காட்டு விலங்கும் ஒருசேர நீர் குடித்த பள்ளம். ‘வெளி’ மரமற்ற திறந்த நிலம். ‘வட்டை’ என்றால் மட்டக்களப்பார் பேச்சில் வயற்பரப்பு. இந்தப் பெயர்களுக்கு ஆண்டுக் கணக்கில்லை. ஆனாலும் காடு ஒரே வீச்சில் வயலாகவில்லை என்பதை அவை காட்டுகின்றன. காடு, சேனை, மேய்ச்சல், வயல் என்ற நான்கு நிலைகளும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சேனை கைவிடப்பட்டால் காடு திரும்பி வந்தது. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையில் நகரும் எல்லையொன்று இருந்தது.

கோடரி நின்ற இடம்

அந்த நகரும் எல்லையில் சில இடங்கள் மட்டும் நகராமல் நின்றன. அவற்றின் காரணத்தைத் தலமரபுகளில் காணலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் கதையில், திகடன் என்னும் வேடன் தேனுக்காகக் கொக்கட்டி மரத்தை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் குருதி பெருகுகிறது. மரத்தடியில் இலிங்கம் வெளிப்படுகிறது. மண்டூரிலோ, தில்லை மரங்களிடையே கண்ட வேலை வேடர்கள் கொத்துப்பந்தல் இட்டு வழிபட்டதிலிருந்து கோயில் தொடங்குகிறது. கதிர்காமத்தைப் போலவே அங்கு இன்றும் வாய்கட்டிப் பூசை நடக்கிறது. அதனால்தான் மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்கிறார்கள்.

இக்கதைகளை நடந்த நிகழ்ச்சிகளாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அவை எந்த அனுபவத்திலிருந்து பிறந்தன என்று கேட்கலாம். இரண்டிலும் முதல் மனிதர் உழவர் அல்லர், வேடர். இரண்டிலும் தெய்வம் மரத்தோடு சேர்ந்தே வெளிப்படுகிறது. கொக்கட்டிச்சோலைக் கதை கோடரி நின்ற கணத்தையே தலத்தின் பிறப்பாகச் சொல்கிறது. காட்டை வெட்டி வயலாக்க வந்த சமூகம், இதற்குமேல் வெட்டக்கூடாது என்று தனக்குத்தானே இட்ட கட்டளையை இப்படிக் கதையாக்கி வைத்திருக்கிறது என்பது என் வாசிப்பு. அக்கட்டளையைக் காத்தவர்கள் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பூசகரும் திருவிழாவுக்கு உரிமை கொண்ட குடிகளும். கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் ஊர் கூடும்போதெல்லாம் அந்த எல்லை நினைவில் புதுப்பிக்கப்பட்டது. ஆவணித் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் ஓடமேறி மண்டூருக்குப் போகும் எழுவான்கரை அடியார்களும் அந்தக் காவலில் பங்காளிகளே.

தில்லையின் இயல்பு

மண்டூர்த் தில்லை நின்றதற்கு வழிபாடு மட்டும் காரணமன்று. மரத்தின் இயல்பும் உதவியிருக்கிறது. கண்டல் சாதி மரங்களில் தில்லை கரைப்பக்கம் ஒதுங்கி நிற்பது. உப்புநீர் எப்போதாவது வந்து தொடும் சேற்றுமேட்டில், வாவிக்கும் வயலுக்கும் நடுவே அது வளர்கிறது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. இலை உதிருமுன் சிவக்கும். கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். எரித்தால் புகையும் கண்ணை எரிக்கும். விறகுக்குத் தேடிப்போகும் கை தில்லையைத் தொடத் தயங்கும். தெய்வத்தின் மரம் என்ற அச்சமும் தில்லைப்பாலின் அச்சமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இந்த இடத்தில் சிதம்பரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அந்நகரின் பழம்பெயரே தில்லை. தில்லைதான் அங்கும் தலமரம். ஆனால் பெயர் தந்த வனம் நகரிலிருந்து எப்போதோ போய்விட்டது. தில்லையை இயல்பாக நின்று காண வேண்டுமானால் கடலோரம், சுமார் 1,100 ஹெக்டேயர் பரப்புள்ள பிச்சாவரம் கண்டற்காட்டுக்குப் போக வேண்டும். பெருங்கோயிலும் பெருநகரும் எழுந்த இடத்தில் மரம் பெயராகச் சுருங்கியது. வயலும் வாவியும் சூழ்ந்த மண்டூரில் மரம் மரமாகவே நிற்கிறது. புனிதம் என்ற சொல் மட்டும் காட்டைக் காத்துவிடாது என்பதற்குச் சிதம்பரம் சான்று. நீர் வந்துபோகும் நிலமும் அதன் இயல்பில் இருக்க வேண்டும்.

சட்டம் வரைந்த கோடு

பிரித்தானியர் ஆட்சியில் காட்டின் எல்லை வேறொரு கையால் எழுதப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பொதுவாகப் புழங்கிய நிலத்துக்கு ஊரார் எந்த உறுதியைக் காட்டுவார்கள்? காட்டோடு அவர்களுக்கிருந்த உறவு ஒரே வரியில் அத்துமீறலாகியது. மறுபுறம் அதே அரசு காட்டு நிலத்தைத் தோட்டங்களுக்கு விற்றது. 19ஆம் நூற்றாண்டில் எழுவான்கரை தென்னந்தோப்புக் கரையாக மாறியதன் பின்னணி இது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டத்துக்குப் பிறகு இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் திருத்தப்பட்டு நெல்வயல் மேற்கு நோக்கி நகர்ந்தது.

அந்த நூற்றாண்டின் நடுவில் யானை பயிருக்குப் பகை என்றே எண்ணப்பட்டது. கொன்றவருக்கு அரசு பணம் கொடுத்தது. சாமுவேல் பேக்கர் போன்ற வேட்டைக்காரர் கீழ்மாகாணக் காடுகளில் திரிந்து தம் வேட்டைகளை நூலாகவே எழுதினர். காக்கும் எண்ணம் பிந்தித்தான் வந்தது. 1885இலும் 1907இலும் வனக் கட்டளைச்சட்டங்கள், 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் என்று அது படிப்படியாக உருவானது. இச்சட்டங்கள் பெருங்காட்டையே கண்டன. மரத்துக்கும் நீரேந்து பரப்புக்கும் பெருவிலங்குக்கும் அவை கோடு வரைந்தன. கோயிலடியில் நின்ற சிறு காடு வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழவில்லை.

அணையும் பூங்காவும்

மிகப் பெரிய மாற்றம் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டத்துடன் தொடங்கியது. இங்கினியாகலையில் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. அணைக்குக் கீழே காடு வெட்டப்பட்டு இலக்கமிட்ட குடியேற்றங்கள் எழுந்தன. படுவான்கரையின் தென்பகுதியில் 39ஆம் கொலனி, 40ஆம் கொலனி என்று இன்றும் அந்த இலக்கங்களே ஊர்ப்பெயர்கள். மரத்தையும் விலங்கையும் பெயராகக் கொண்ட நிலத்தில் எண் பெயரானது. இந்தப் பெயர்மாற்றத்துக்குள்ளேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

அணைக்கு மேலே, நீரேந்து பரப்பைக் காக்க 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 25,900 ஹெக்டேயர். கீழே அழித்ததும் மேலே காத்ததும் ஒரே திட்டத்தின் இரு கைகள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது, யானை நடந்த ஒரே நிலம் நிர்வாகத்திலும் இரண்டானது. நகரும் எல்லை இருந்த இடத்தில் நிலையான கோடு வந்தது. அந்தக் கோட்டை மனிதர் அறிந்தனர். யானை அறியவில்லை.

உள்நாட்டுப் போர் ஆண்டுகள் இந்தக் கோட்டையும் குலைத்தன. படுவான்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். பாதுகாப்பின் பெயரால் வாவிக்கரையில் பல இடங்களில் கண்டல் வெட்டப்பட்டது. கைவிட்ட வயல்களில் பற்றை எழுந்தது. 2007க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அந்தப் பற்றையில் யானையைக் கண்டார்கள். படுவான்கரையின் வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் யானைக்குப் பயந்து பரணில் இரவு கழிக்கும் உழவரின் துன்பம் சிறிதன்று. நெல்லையும் வீட்டையும் உயிரையும் இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை ஒதுக்கிவிட்டுக் காட்டைப் பற்றி யாரும் நியாயமாகப் பேச முடியாது. 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையின் நிலப்பரப்பில் 59.9 விழுக்காட்டில் யானை இருப்பதையும், அந்தப் பரப்பின் 69.4 விழுக்காட்டில் மனிதரும் குடியிருப்பதையும் காட்டியது. யானை பூங்காவுக்குள்ளும் மனிதர் வெளியிலும் இருப்பார்கள் என்ற 1954இன் நம்பிக்கை நடைமுறையில் நிற்கவில்லை.

சிறு காட்டின் பெறுமதி

யானைக்கு ஒரு கோயிற்காடு போதாது. அப்படியானால் சிறு துண்டால் என்ன பயன்? தீவுகளில் உயிரினங்கள் நிலைப்பதைப் பற்றி மக்ஆதரும் வில்சனும் 1967இல் எழுதிய நூல் ஓர் அடிப்படையைத் தந்தது. பரப்புக் குறைந்தால் இனங்கள் குறையும். பிற காட்டிலிருந்து தொலைவு கூடினால் இழந்த இனம் திரும்பி வருவது அரிதாகும். வயல்கடலுக்குள் நிற்கும் காட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் இதே விதி சிறு துண்டின் மதிப்பையும் சொல்கிறது. இடையில் ஒரு மரக்கூட்டம் இருந்தால் தொலைவு குறைகிறது. பழம் தின்னும் பறவையும் வௌவாலும் அங்கே தங்கி விதையை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகின்றன. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடைய உயர்ந்த கிளை வேண்டும். வயலின் எலியைத் தின்னும் ஆந்தைக்குப் பொந்து வேண்டும். இறாலும் நண்டும் குஞ்சுப்பருவம் கழிக்கக் கண்டல் வேரின் நிழல் வேண்டும். வயலிலிருந்து வடியும் நீர் வாவியைச் சேருமுன் வண்டலும் உரமும் தங்குவது இந்தக் கரைமரங்களின் அடியில்தான்.

சிறு இடத்தை ஊரே காத்ததற்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் வெறும் 38.4 ஹெக்டேயர். அரசு அதை 1977இல் அறிவித்தது. ஆனால் சூழவுள்ள ஊரார் தீபாவளிக்கு வெடி கொளுத்தாமல் பறவைகளைப் பேணிவருவது எந்த அறிவிப்பாலும் பிறந்த வழக்கமன்று. 2022இல் மதுரை அருகே அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. குன்றும் சுனையும் கோயிலும் ஊரும் சேர்ந்த நிலத்தைச் சட்டம் முழுமையாகக் காணத் தொடங்கியதன் அடையாளம் அது. இலங்கையிலும் இதற்கு வழி உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் ஓரிடத்தைச் சுற்றாடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாம். கொழும்புக்கு அருகே தலங்கமைக் குளம் 2007இல் அப்படி அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

மேற்சொன்ன வரலாற்றில் இரண்டு காவல்களைக் காண்கிறோம். ஒன்று ஊர் தனக்குத்தானே இட்ட கட்டளை. அது சிறிய இடத்தை நெடுங்காலம் காத்தது. ஆனால் சேற்றை மண்ணிட்டு நிரப்பினாலோ வடிகாலைத் திருப்பினாலோ அதனால் தடுக்க முடியாது. மற்றது அரசின் கோடு. அது பெருங்காட்டைக் காத்தது. ஆனால் காட்டோடு ஊருக்கிருந்த உறவைக் குற்றமாக்கியது, சிறு காட்டைக் காணவேயில்லை. படுவான்கரையில் எஞ்சிய துண்டுகள் முதற் காவலால் நின்றவை. இனி நிற்பதற்கு இரண்டும் சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டியவைதான். கோயில்தோறும் வண்ணக்கரும் மூத்தவர்களும் அறிந்த மர எல்லையை நடந்து அளந்து பதிய வேண்டும். மரம், பறவை, விலங்குப் பட்டியலை அவ்வூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டே பருவந்தோறும் எழுதலாம். கோயில் விரிவாக்கும்போதும் வீதி போடும்போதும் வாவிநீர் தில்லையின் அடிக்கு வந்துபோகும் வழியை அடைக்கக்கூடாது. இவற்றைச் சட்டத்தின் பாதுகாப்புக்குக் கொண்டுவரும்போது, காவல் உரிமை அந்தந்த ஊரிடமே இருக்க வேண்டும்.

கரடியனாறும் மயிலத்தமடுவும் காடு இருந்ததைச் சொல்லும் பெயர்கள். மண்டூரில் அந்தச் செய்தியைப் பெயரோடு மரமும் சொல்கிறது. அடுத்த ஆவணியில் குருமண்வெளியில் ஓடமேறுபவர் கோபுரத்தோடு தில்லையையும் கும்பிடட்டும். அந்த மரத்தடிச் சேறு ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.