இறக்கையை மடித்த காலம்

சிறு விமானங்களின் வரலாறு என்றால் எஞ்சின், வேகம், கடந்த தூரம் என்றுதான் பேச்சு போகும். இறங்கிய பிறகு அதை எங்கே, யார் செலவில் வைத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. 1920களின் இங்கிலாந்தில் தனியாரும் விமானம் வைத்துக்கொள்ள முடிந்ததற்கு, நிறுத்திவைக்கும் செலவு குறைந்தது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நிற்கும் விமானத்துக்குத்தான் ஆபத்து அதிகம். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் நான்காம் முறை 852 அடி பறந்து இறங்கியது. பிறகு சும்மா நின்றிருந்தபோது வீசிய காற்று அதைப் புரட்டி நொறுக்கியது. பிடிக்கப் போன உதவியாளர் ஜான் டேனியல்ஸும் சேர்ந்து உருண்டார். அந்த விமானம் மறுபடி பறக்கவேயில்லை. அக்கால விமானங்களுக்கு எடை குறைவு, இறக்கை பெரிது. வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிற்கும் பழைய விமானங்களில் இறக்கை எப்போதும் காற்றை ஏந்தும் சாய்விலேயே இருக்கும். போதாததற்கு, மரச்சட்டத்தின்மேல் இழுத்து ஒட்டிய துணி வெயிலையும் மழையையும் நெடுநாள் தாங்காது. ஆகவே கூரை வேண்டும். 30 அடி இறக்கைக்கு ஏற்ற கூரை என்றால் வாடகையும் அதற்கேற்பத்தான்.

இதை அந்தக் காலத்தவர் உணர்ந்தே இருந்தார்கள். 1924இல் லிம்ப்னியில் நடந்த இலகுரக விமானப் போட்டியில், இறக்கையை மடித்தோ கழற்றியோ குறுகலான கொட்டகைக்குள் தள்ளிக் காட்டுவதும் ஒரு சோதனை. மறுவருடம் பிப்ரவரி 22 அன்று விமான வடிவமைப்பாளர் ஜெஃப்ரி டி ஹேவிலண்டின் மோத் என்ற சிறு விமானம் முதன்முதலாகப் பறந்தது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே ஒரு தற்காலிகக் கழியை முட்டுக் கொடுத்து, முன்சட்டத்தின் ஊசிகளை உருவினால், பின்சட்டத்தின் கீல்களில் இறக்கைகள் திரும்பி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அகலம் 10 அடிக்குள் அடங்கிவிடும். வாலைத் தூக்கிப் பிடித்து இழுத்துப்போக ஓரிருவர் போதும். ஒரு விமானம் நின்ற இடத்தில் இரண்டு மூன்றை நிறுத்தலாம்.

மோத் வென்றது எஞ்சினாலும் அரசு உதவியாலும்தான் என்று மறுக்கலாம். போர்க்கால ரெனோ எஞ்சினின் பாதியைக் கொண்டு மலிவாக உருவான சிர்ரஸ் எஞ்சினும், பறக்கும் கழகங்களுக்கு அரசு தந்த மானியமும் இல்லாமல் அது பரவியிருக்காது, உண்மைதான். ஆனால் இவை வாங்குகிற செலவையும் ஓட்டுகிற செலவையும் குறைத்தவை. ஓட்டாத நாட்களிலும் மாதாமாதம் ஏறும் வாடகையை அவை தொடவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: அவ்வளவு முக்கியமென்றால், மோத்தின் வழியில் 1931இல் வந்த டைகர் மோத்தில் மடிப்பை ஏன் கைவிட்டார்கள்? முன்னிருக்கைக்காரர் பாராசூட்டுடன் எளிதில் வெளியேற மேல் இறக்கையை முன்னுக்குத் தள்ளினார்கள், மடிப்பு போயிற்று. அது விமானப்படையின் பயிற்சி விமானம். படைக்குப் பெரிய ஹேங்கர்களும் தள்ள ஆட்களும் உண்டு. வாடகைக் கவலை கிடையாது. மடிப்பின் அருமை தெரிந்தவர் சொந்தக் காசில் விமானம் வைத்திருந்தவர்தான்.

பின்னர் கூரையின் தேவையே குறைந்தது. உலோகத்தாலான செஸ்னா 172 என்ற சிறு விமானம் 1956இல் விற்பனைக்கு வந்தது. துணியைப் பற்றிய கவலை தீர்ந்ததால் இத்தகைய விமானங்களைத் திறந்தவெளியில் நிறுத்துவது எளிதாயிற்று. காற்று மட்டும் மாறவில்லை. இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையிலுள்ள கொக்கிகளோடு கட்டியே ஆகவேண்டும். மணிலாக் கயிறானால் ஓரங்குலம் தளர்வு விடுவார்கள். நனைந்தால் அது சுருங்கும். இறுக்கிக் கட்டியிருந்தால் விமானத்தையே வலித்து இழுக்கும்.