ஸ்பேம்: இறைச்சி டப்பாவிலிருந்து மின்னஞ்சலுக்கு

கேட்காமலே வந்து குவியும் மின்னஞ்சலுக்கு ‘ஸ்பேம்’ என்ற பெயரைத் தந்தது ஓர் இறைச்சி டப்பா. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்னும் ஊரிலுள்ள ஹார்மெல் நிறுவனம், உப்பும் சர்க்கரையும் சேர்த்த பன்றி இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து 1937-இல் இப்பெயரில் விற்கத் தொடங்கியது. பெயரைச் சொன்னவர் கென் டெய்னோ என்ற நடிகர். அதற்காக அவர் பெற்ற பரிசு 100 டாலர்.

குளிர்பதனம் இல்லாமலே கெடாது என்பதால், இரண்டாம் உலகப் போரில் படையினரின் தட்டில் அது ஓயாமல் விழுந்தது. பிரிட்டனில் இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது. நல்ல கறி கிடைப்பதே அரிதாக இருந்த அந்த ஆண்டுகளில் ஸ்பேம் ஓரளவு எளிதாகக் கிடைத்தது. தின்று தின்று அலுத்துப்போன மக்களுக்கு அந்தப் பெயரே கேலிப்பொருளாயிற்று.

அந்த அலுப்பை நகைச்சுவையாக்கியது மான்டி பைத்தான் என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு. 1970 டிசம்பரில் பி.பி.சி.யில் ஒளிபரப்பான அவர்களது நாடகத் துணுக்கு ஒரு சிற்றுண்டிக் கடையில் நடக்கிறது. பட்டியலில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஸ்பேம் இருக்கிறது. அது வேண்டாம் என்கிறாள் ஒரு பெண். அவள் பேச்சைத் தொடரவிடாமல், கடையில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங் வீரர்கள் ‘ஸ்பேம், ஸ்பேம்’ என்று உரக்கப் பாடுகிறார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவது என்ற பொருள் பிறந்தது இங்கேதான். முதலெழுத்துகளைக் கூட்டி உண்டான சொல் என்று சொல்லப்படும் விளக்கங்கள் பின்னால் இட்டுக்கட்டியவை.

1980-களில் கணினி வலையமைப்புகளில் எழுத்து வழியே பலர் கூடி ஆடிய விளையாட்டுகளில், குறும்புக்காரர்கள் திரையை வெற்றுரையால் நிரப்பி மற்றவர் உரையாடலை மேலே தள்ளிவிடுவார்கள். நாடகத் துணுக்கை அறிந்தவர்கள் இந்தச் செயலுக்கு ஸ்பேம் என்று பெயரிட்டார்கள். 1993 மார்ச் 31 அன்று யூஸ்நெட் விவாதக் குழு ஒன்றில், மென்பொருள் பிழையால் ஒரே செய்தி சுமார் 200 முறை பதிவானபோதும் இதே பெயர் கிடைத்தது. அது தற்செயல், மறு ஆண்டு நடந்தது வணிகம். அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் இருவரும் 1994 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கான குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருவதாக ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். கண்டனம் குவிந்தது. அவர்களோ வருந்தாமல், இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகம் எழுதினார்கள். சொல் நிலைத்துவிட்டது; கேட்காமல் வரும் மின்னஞ்சலுக்கும் அதுவே பெயராயிற்று.

செயல் மட்டும் சொல்லைவிட மூத்தது. 1978 மே மாதத்திலேயே கேரி துர்க் என்ற டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவன விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் குற்றத்துக்கு அப்போது பெயரில்லை.

2003-இல் அமெரிக்கா இயற்றிய மின்னஞ்சல் சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் ஏறியது. ஹார்மெல் நிறுவனமோ, 2005-இல் மான்டி பைத்தானின் ‘ஸ்பேமலாட்’ இசைநாடகம் பிராட்வே மேடையேறியபோது அதற்கென்றே சிறப்பு டப்பா வெளியிட்டது.